தத்துமா

எங்கள் குசினி யன்னலில் நாலு மருந்துக் குளிசைப் போத்தல்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்ப்பார்கள், பிறகு என் அக்காவைப் பார்ப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "பிள்ளை, அக்காவுக்கு என்ன வருத்தம்?" என்பார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை என்றால் நம்புவதில்லை. அவர்களையும் பிழை சொல்ல முடியாது. மல்லாவியில் அருந்ததி ரீச்சரைத் தெரியாத ஆள் குறைவு. பிளாஸ்ரிக் கதிரை தாங்காது என்று முன்பள்ளியில் அவளுக்கென்று ஒரு மரக்கதிரை செய்வித்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவள் பாதி ஆளாகிப் போனால் சனம் கதைக்கத்தானே செய்யும்.

அக்காவுக்குச் சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் நோ எல்லாம் இருந்தது. மூச்சு வாங்காமல் முற்றத்தைக் கடக்க மாட்டாள். கடைசியில் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி, குடலையும் வேறு இடத்தில் தொடுத்து விட்டார்கள். வைத்தியம் முடித்துத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார்: இனி இந்த வயிறு கொஞ்சம்தான் எடுக்கும், எடுக்கிற கொஞ்சத்திலும் சத்து முந்தி மாதிரி உடம்பில் சேராது, ஆகவே உயிர் இருக்கும்வரை சத்துக் குளிசை போட வேண்டும், இடைக்கிடை இரத்தம் சோதித்து ஊசியும் போட வேண்டும். நான் கவனமாகக் கேட்டேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிசைச் சட்டம். இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் மாமியும் மருமகளும் மாதிரி. இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் ஒன்று மற்றதை வேலை செய்ய விடாது. ஆகவே இரும்பு காலையில், கல்சியம் பின்னேரம். இரும்பு போட்டவுடன் தேத்தண்ணி குடிக்கவும் கூடாது. தேத்தண்ணி குடிக்காமல் எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் படி ஏறி இறங்க முடியுமா? வேண்டாம் என்றால், "ஏன், எங்கட வீட்டில வாய் நனைக்க மாட்டியளோ?" என்று முகம் சுருங்கும். அதையும் நான்தான் நின்று சமாளித்தேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். மாவும் மிளகாயும் அரைக்கிற மில் வைத்திருக்கிறேன். அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை, வீட்டிலும் அதே கட்டையில்தான் வரும்.

உண்மையைச் சொன்னால், மெலிந்த அக்காவை எனக்குப் பிடித்துப்போக நாள் எடுத்தது. முந்தி அவள் சாப்பிடுகிற அழகு தனி அழகு. பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு வயிறு நிறைந்திருந்தாலும் பசி வரும். மத்தியானம் மிஞ்சின சோற்றையும் கறியையும் ஒரே சட்டியில் போட்டுக் குழைத்து, திரளை திரளையாக உருட்டி எல்லாருக்கும் கையில் வைப்பாள். கடைசித் திரளை அவளுக்கு, அதுதான் பெரிய திரளை. இப்போது அதில் பாதி அவளுக்கு ஒரு நேரச் சாப்பாடு. மூன்றாம் வாயில் கையை மடக்கி விடுவாள். அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் நான் அழுதிருக்கிறேன். சுகத்துக்குத்தான் செய்தது என்று புத்திக்குத் தெரியும், மனதுக்குத் தெரிய வேண்டுமே.

எங்கள் வீட்டில் சத்து என்ற சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாலு. போர் நடந்த பொருளாதாரத் தடைக்காலம். சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் சொட்டுக் கணக்கில்தான் கிடைக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து எரித்த விளக்கில்தான் நாங்கள் படித்தோம். அந்த வெளிச்சத்தில் அக்கா சுவரில் கையால் மான் காட்டுவாள், நாய் காட்டுவாள், தம்பி மதுசன், எங்கள் மது, அதைப் பிடிக்கப் போய்ச் சுவரில் நெற்றியை இடித்துக்கொள்வான். இடித்துவிட்டு எங்களையே கோபமாகப் பார்ப்பான். அவனுக்கு நாலு வயது நிரம்பவில்லை.

கிளினிக்கில் தாதி மிஸி அவனைத் தராசில் தூக்கிப் பார்த்து, நிறை காணாது என்று சத்துமாப் பைக்கற் கொடுப்பாள். அம்மா அதில் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்து உருண்டை பிடித்து, தகரப் பேணிக்குள் போட்டு உறியில் தொங்கவிடுவாள். சட்டம் ஒன்றுதான்: சத்து மெலிந்ததுகளுக்கு. அக்கா அந்தப் பஞ்சத்திலும் கொழுகொழுவென்று இருந்தாள். எதைத் தின்று கொழுத்தாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சிலருக்குத் தண்ணீர் குடித்தாலும் உடம்பு வைக்கும். பேணிக்குள் உருண்டை குறைந்தால் அம்மா அவளைத்தான் பார்ப்பாள். "உனக்கேனடி சத்து? உன்னட்டக் கிடக்கிறதை நாலு பேருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம்" என்பாள். நாங்கள் சிரிப்போம். அக்காவும் கூடச் சிரிப்பாள்.

மதுசனுக்குச் 'ச' வராது. சத்துமாவைத் தத்துமா என்பான். அம்மாவுக்கு அது காதில் விழுவதே பிடிக்காது. தத்து என்றால் சாதகத்தில் வருகிற கண்டம் அல்லவா. அவன் குறிப்பைப் பார்த்த சாத்திரியார், நாலு வயதுக்குள் ஒரு தத்து இருக்கிறது, அது கழிந்தால் நூறு வயது என்று சொல்லி வைத்திருந்தார். ஆகவே அவன் "தத்து தா" என்று கையை நீட்டும்போதெல்லாம் அம்மா அவன் வாயில் மெல்லத் தட்டி, "சத்து எண்டு சொல்லடா" என்பாள். அவன் தலையை ஆட்டி, மிகக் கவனமாக வாயைக் குவித்து, "தத்து" என்பான்.

மாரி முடிய வந்த மலேரியாவில் அவன் போய்விட்டான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பிலிமும் பற்றரியும் உள்ளே வராத காலம், அவனுக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை. வாய்க்கால் கரையில் புதைத்தோம். பிறகு இடம்பெயர்ந்து ஓடி, அப்பாவையும் அம்மாவையும் வழியில் பறிகொடுத்து, அக்காவும் நானும் மட்டும் திரும்பி வந்தபோது அந்தக் கரை முழுக்கப் பற்றை மூடிக் கிடந்தது. அக்கா ஒரு பாலை மரத்தைப் பார்த்து நேராக நடந்துபோய், "இதிலதான்" என்று நின்றாள்.

எனக்கு அவன் முகம் ஞாபகமில்லை. சின்ன விரல் அடுத்த விரலுக்கு மேல் ஏறி நின்ற அவன் கால், சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிற குழி, சுவரில் இடித்துவிட்டுப் பார்க்கிற அந்தப் பார்வை, எல்லாம் அக்கா சொல்லிச் சொல்லி எனக்குள் வந்தவை. சொல்லப்போனால் என் தம்பி அக்காவின் தலைக்குள்தான் இருந்தான். ஒவ்வொரு மாசியிலும் அவன் போன நாளில் சத்துமா உருண்டை பிடித்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். பயறும் குரக்கனும் உழுந்தும் வறுத்து நான் அரைப்பேன். மிளகாய் மணம் போக மில்லைக் கழுவித் துடைக்கவே அரைநாள் போகும். உருட்டுகிற வேலை அக்காவுடையது, மதுவின் கதை சொல்லிக்கொண்டே உருட்டுவாள்.

பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் கொழும்புக் கிளினிக்குக்குப் போவது நின்றது. பிறகு பெற்றோல் வந்தது, அக்காவுக்குப் போகிற எண்ணம் வரவில்லை. "நல்லாத்தானே இருக்கிறன், பிறகேன் அலைவான்?" என்றாள். மெலிந்திருந்தாள், சீனி இறங்கியிருந்தது, சைக்கிள்கூட ஓடினாள். குளிசைகளை மட்டும் நான் தவறாமல் வவுனியாவில் வாங்கி வந்து யன்னலில் வைப்பேன். போத்தல்கள் ஒழுங்காக வெறுமையாகின, நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்த வருடம் பொங்கலோடு அவள் தடுமாறத் தொடங்கினாள். நாக்கு எரிகிறது என்று உறைப்பை ஒதுக்கினாள். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டாள். "காலுக்குக் கீழ பஞ்சு கிடக்கிற மாதிரிக் கிடக்கு, சுமி" என்றாள் ஒருநாள். "இவ்வளவு காலமும் பாரம் தூக்கின கால், இப்ப சும்மா நடக்கத் தெரியேல்லை" என்று நான் பகிடி விட்டேன். வயது போகிறது, வேறென்ன என்று நினைத்தேன்.

மாசி வந்தது. நான் மாவை அரைத்துக்கொண்டு வந்து, மா நிறைந்த தாச்சியை அவள் முன்னால் வைத்தேன். பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் பக்கத்தில் இருந்தன. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆருக்கடி இவ்வளவு?"

"என்ன கேள்வி? மதுவுக்கு."

"எந்த மது?"

பகிடி என்று நினைத்து நிமிர்ந்தேன். அவள் முகத்தில் பகிடி இல்லை. அயல்வீட்டுப் பிள்ளையை விசாரிப்பது போல மரியாதையாகக் கேட்டாள்: "எங்கட முன்பள்ளிக்கு வாற பிள்ளையோ?"

"அக்கா, எங்கட தம்பியடி! மதுசன்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய், "ஓம், ஓம், தம்பி" என்றாள். எனக்காகத்தான் சொன்னாள். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை.

உருண்டை பிடிக்காத மாசி அது ஒன்றுதான். தாச்சியை அப்படியே மூடி வைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டொக்டர் இளம்பெட்டை, பொறுமைசாலி. அக்காவின் நாக்கைப் பார்த்தாள். ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் கால் விரலில் வைத்து, "அதிருறது தெரியுதோ அம்மா?" என்று கேட்டாள். அக்காவுக்குத் தெரியவில்லை.

"இந்த ஆப்பிரேசன் செய்தாக்கள் சத்துக் குளிசையை விட்டா இப்பிடி வரும்," என்றாள் டொக்டர். "ஒழுங்காப் போடுறவாவோ?"

"நான்தான் டொக்டர் வாங்கி வைக்கிறன். ஒரு போத்தல் மிஞ்சினதில்லை," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. அக்கா நிலத்தைப் பார்த்தாள்.

இரத்தச் சோதனை முடிவு வந்தபோது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மூளைக்கும் நரம்புக்கும் வேண்டிய பி பன்னிரண்டு என்கிற சத்து அடிமட்டத்தில் கிடந்தது, இரும்பும் குறைவு. குளிசை போடுகிற ஆளுக்கு இவ்வளவு குறையாது என்றாள்.

"மறந்ததெல்லாம் திரும்பி வருமோ, டொக்டர்?"

"இண்டைக்கே ஊசி தொடங்குவம். கனபேருக்கு வந்திருக்கு. ஆனா எல்லாம் வரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்று விம்மி விம்மி அழுதேன். அக்கா உயிரோடு இருக்கிறாள், எனக்கு அது போதும்தான். ஆனால் மதுவுக்கு அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்? படம் இல்லை, பத்திரம் இல்லை, அம்மா இல்லை, அப்பா இல்லை. அக்காவும் மறந்தால் அவன் இரண்டாம் தரமும் போய்விடுவான், இந்தமுறை புதைக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

குளிசை எங்கே போனது என்பது அடுத்த கிழமையே வெளிச்சத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டு மேனுகா கைக்குழந்தையோடு அக்காவைப் பார்க்க வந்தாள். மெலிந்த பெட்டை, இடுப்பில் பிள்ளை இருந்தால் பிள்ளைதான் அவளைத் தூக்கி வைத்திருக்கிறதோ என்று தோன்றும்.

"பாவம் அன்ரி," என்றாள். "நான் பிள்ளைத்தாச்சியா இருந்த காலம் தொடக்கம் எனக்குச் சத்துக் குளிசை தந்து பாத்தவா. 'எனக்கு மிஞ்சிக் கிடக்கு, நீ போடு' எண்டு கொண்டந்து தருவா. இப்ப அவாவுக்கே இப்பிடி."

மேனுகா போகும்வரைதான் நான் பொறுத்தேன். "கிளினிக்கில மிஸியைக் கேக்காமல் இனி ஆற்ற குளிசையும் போடாதை" என்று சொல்லி அனுப்பிவிட்டு அக்காவிடம் திரும்பினேன்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்! உன்ர உயிருக்கு வாங்கினதை ஊருக்குக் குடுத்திருக்கிறாய். உனக்கென்ன விசரோ?"

அக்கா கோபிக்கவில்லை. சின்னப்பிள்ளைக்குப் பாடம் சொல்லுவது போலச் சொன்னாள்: "சத்து மெலிஞ்ச ஆக்களுக்கடி. அந்தப் பெட்டை எலும்பும் தோலுமாத் திரிஞ்சவள். நான் என்ன மெலிஞ்சே கிடக்கிறன்?"

அலுமாரிக் கண்ணாடி அவளுக்கு நேரே இருந்தது. அதில் கழுத்தெலும்பு தெரிய ஒரு வற்றல் மனுசி நின்றாள். அக்கா அதைப் பார்த்தாள், ஆனால் அவளுக்குத் தெரிந்தது மரக்கதிரை அருந்ததிதான். சொந்தத் தம்பியை மறந்தவள், அம்மா போட்ட அந்தச் சட்டத்தை மட்டும் மறக்கவில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஊசி தொடங்கினார்கள். குளிசையை நானே கையில் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை நிற்பேன். கத்தினால் வாயை இறுக்கி மூடுவாள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தானே கறக்க வேண்டும். மதுவின் கதை சொன்னால் வாயைத் திறந்தாள். அவள் எனக்குச் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக அவளுக்கே திருப்பிச் சொன்னேன். ஜாம் போத்தல் விளக்கு, சுவர் மான், ஏறின விரல். கேட்டுக்கொண்டிருப்பாள். "நல்ல பிள்ளையாத்தான் இருந்திருக்கிறான்" என்பாள். அந்த வார்த்தை என்னைக் கொல்லும்.

ஒன்றை மட்டும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். தத்து என்ற சொல்லை. நான் சொல்லிக் கொடுத்து அவள் சொன்னால் அது கிளிப்பிள்ளைப் பேச்சு. அவளாகச் சொன்னால்தான் அவன் திரும்பி வந்தான் என்று நம்புவேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஒரு நாளும் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

முதலில் கால் திரும்பியது. பஞ்சு போய் நிலம் தெரிகிறது என்றாள். நாக்கு ஆறி, மீன்குழம்பு கேட்டாள். முன்பள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. மது வரவில்லை.

வைகாசியில் ஒரு காலை, மில் திறக்கப் போகிற அவசரத்தில் நின்றேன். சப்பித் தின்கிற பெரிய சத்துக் குளிசையை அக்காவின் கையில் வைத்துவிட்டு, மில் பூட்டின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். குளிசை முறிகிற சத்தம் கேட்டது. திரும்பினால், அக்கா ஒரு பாதியை என் பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"இந்தா, தத்து. பாதி உனக்கு."

"என்ன சொன்னனி?"

அவளும் திகைத்துப் போயிருந்தாள். நீட்டின கையையே பார்த்தாள்.

"மது அப்பிடித்தான் தருவான்," என்றாள். "அம்மா வயலுக்குப் போனாப் பிறகு உறியில இருந்து நான்தான் எடுத்துக் குடுக்கிறது. என்ர மடியில இருந்துகொண்டு கடிப்பான். பாதியைக் கடிச்சுப்போட்டு மிச்சத்தை என்ர வாய்க்குள்ள வைப்பான். எச்சிலா இருக்கும். 'தத்து, பாதி உனக்கு' எண்டுவான். கன்னத்தில குழி விழும்."

நான் தேடுவதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றேன்.

"நான் ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, சுமி. எனக்கும் பசி. குண்டுப்பிள்ளைக்குப் பசிக்காது எண்டு எல்லாரும் நினைச்சீங்கள். அவன்ர சத்தில பாதியை நான் திண்டு போட்டன். அதுதான் அவன் தாங்கேல்லை."

இத்தனை வருடமும் கதை கதையாகச் சொன்னவள் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. உருண்டை குறைந்தது என்று அம்மா பார்த்தபோது கூடச் சிரித்தவள். ஊருக்கெல்லாம் திரளை உருட்டிக் கொடுத்தவள். யன்னலில் நின்ற சத்தை மெலிந்த பெட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

என் தொண்டை மில் தொண்டைதான், வேறு தொண்டை எனக்கு இல்லை. "மலேரியாவுக்குச் சத்துமா மருந்தோடி?" என்று கத்தினேன், கண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "அந்த வருசம் கொழுத்த பிள்ளையளும்தானே செத்ததுகள்! நீ களவெடுத்தனியோ? அவன் தந்தவன். தம்பி ஆசையாத் தந்ததை அக்கா திண்டா அதுக்கு ஆர் கேள்வி கேக்கிறது?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழ விட்டேன். பிறகு அவள் கையிலிருந்த இரண்டு பாதிகளையும் வாங்கிக்கொண்டு முன்னால் குந்தினேன்.

"வாயைத் திற. இது அவன் தாற பாதி."

திறந்தாள்.

"இது நான் தாற பாதி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சப்பினாள். சப்பி முடிய, அழுகைக்குள்ளேயே அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. "அம்மா இருந்தா இப்ப வாயில தட்டியிருப்பா, சத்து எண்டு சொல்லடி எண்டு."

"தத்துத்தான், அக்கா," என்றேன். "ஆனா கழிஞ்சிட்டுது."